கரிசலில் கடைக்கால்

கோவில்பட்டிப் பக்கம் சித்திரை வெயிலில் கரிசல் காடு கை நுழையும் அளவுக்கு வெடித்துக் கிடக்கும். ஐப்பசியில் நல்ல மழை விழுந்தால் வெடிப்பெல்லாம் மூடி, மண் செருப்போடு அப்பிக்கொண்டு வரும். பருத்திக்கு இதைவிட நல்ல மண் இல்லை. ஆனால் இதன்மேல் வீடு கட்டியவர்களுக்கு, ஜன்னல் மூலையிலிருந்து சரிவாக ஓடும் விரிசலும், மழைக்காலத்தில் சாத்த வராத கதவும் பழகிப்போன தொல்லைகள்.

சுவர் வெடித்தால் ‘வீடு இறங்கிவிட்டது’ என்கிறோம். கரிசலில் பல நேரம் வீட்டின் ஒரு பக்கம் மேலே ஏறியிருக்கும். காரணம், இந்த மண்ணிலுள்ள மான்ட்மோரில்லோனைட் என்ற களிமண் கனிமம். மெல்லிய ஏடுகளாக அமைந்த இதன் ஒரு கிராமில் சுமார் 800 சதுர மீட்டர் பரப்பு இருக்கிறது. ஏடுகளுக்கு நடுவே தண்ணீர் புகுந்ததும் மண் உப்பி மேலே தள்ளும். பல இடங்களில் ஒற்றைத் தள வீட்டின் பாரம் அந்த உந்தலுக்கு ஈடு கொடுக்காது. காம்பவுண்டுச் சுவர் முதலில் வெடிப்பதும் இதனால்தான். வீட்டு நடுவில் தரைக்கடியில் ஈரம் அவ்வளவாக மாறாது. ஓரங்கள் மட்டும் மழைக்கு ஏறி வெயிலுக்கு இறங்கும். சிமென்ட் மூட்டையைக் கூட்டிப் போடுவதால் இது தீராது.

மனை வாங்கியதுமே செய்யவேண்டிய சோதனை ஒன்று உண்டு, செலவும் அதிகமில்லை. சலித்துக் காயவைத்த மண்ணில் பத்துப் பத்து கிராம் எடுத்து, ஒன்றை மண்ணெண்ணெய் உள்ள அளவு ஜாடியிலும் மற்றதைத் தண்ணீர் ஜாடியிலும் போட்டு 24 மணி நேரம் விடுவார்கள். மண்ணெண்ணெயில் மண் உப்பாது. அதில் 12 மில்லியும் தண்ணீரில் 21 மில்லியும் நின்றால், உப்பல் 75 சதவீதம். 50-ஐத் தாண்டினாலே சாதாரண அஸ்திவாரத்தை நம்பக் கூடாது.

இதற்கு வழி கண்டது ரூர்க்கியில் உள்ள மத்திய கட்டட ஆராய்ச்சி நிறுவனம். 1950-களில் அங்கே உருவானதுதான் அடியில் குமிழ் வைத்த பைல். கரிசலில் சுமார் மூன்றரை மீட்டருக்குக் கீழே கோடைக்கும் மழைக்கும் ஈரம் பெரிதாக மாறுவதில்லை. அதுவரை கைத்துரப்பணத்தால் குழி இறக்கி, விரியும் கத்தி கொண்ட கருவியைச் சுழற்றி அடியை அகலப்படுத்துவார்கள். குழி 30 சென்டிமீட்டர் என்றால் குமிழ் 75. மேல்மண் உப்பித் தூக்கும்போது, அசையாத மண்ணில் மாட்டிய குமிழ் விடாமல் பிடித்துக்கொள்ளும். இந்த இழுப்பைக் கான்கிரீட் மட்டும் தாங்காது. கம்பி தலை முதல் அடி வரை போகவேண்டும்.

பைல் போட வசதியில்லாதவர்கள், கரிசலை வேண்டிய ஆழத்துக்கு அகற்றிவிட்டு, உப்பாத ஒட்டுமண்ணை அடுக்கடுக்காகக் கெட்டித்து நிரப்பலாம். மும்பை ஐஐடி பேராசிரியர் ஆர்.கே. கட்டி ஆராய்ந்து சொன்ன முறை இது. அஸ்திவாரத்துக்குத் தோண்டிய வானத்தில் வெறும் ஆற்று மணலைக் கொட்டுவது வேறு விஷயம். மழைத் தண்ணீர் அதில் இறங்கித் தேங்கி, சுற்றியுள்ள களிமண்ணுக்கு ஊட்டிக்கொண்டே இருக்கும்.

பைல் போட்டவர்களும் கோட்டைவிடும் இடம், பைல்கள்மேல் படுத்துச் சுவரைத் தாங்கும் பிளிந்த் பீம். உப்பும் மண்ணில் பீமின் அடிக்கும் தரைக்கும் நடுவே குறைந்தது 80 மில்லிமீட்டர் இடைவெளி விடச் சொல்கிறது இந்தியத் தர நிர்ணயம். அந்தச் சந்தில் மண்ணையோ ஜல்லியையோ திணித்து மூடிவிட்டால், உப்பும் மண் பீமை நேராகவே தூக்கும். வேலை நடக்கும்போது வீட்டுக்காரர் குனிந்து பார்க்கவேண்டியது அந்த இடைவெளியைத்தான்.