ஊசியா, வதந்தியா? சேதி ஒன்று, சொல்லும் விதம் இரண்டு

ஊருக்குள் ஒரு கொள்ளைநோய் நுழைகிறது. 600 பேர் சாகக்கூடும் என்று அஞ்சப்படுகிறது. ஒரு திட்டத்தால் "200 பேர் பிழைப்பது நிச்சயம்" என்கிறார் ஒருவர். அதே திட்டத்தைப் பற்றி, "400 பேர் சாவது நிச்சயம்" என்கிறார் மற்றவர். எதை ஏற்பது?

இரண்டும் ஒரே கணக்குத்தான். ஆனால் மனித மனம் அப்படிப் பார்ப்பதில்லை. டிவர்ஸ்கி, கானமன் என்ற இரு உளவியல் நிபுணர்கள் இந்தக் கேள்வியைக் கேட்டு 1981-ல் முடிவை வெளியிட்டனர். "பிழைப்பார்கள்" என்று கேட்டவர்களில் 100-க்கு 72 பேர் அத்திட்டத்தை ஏற்றனர். "சாவார்கள்" என்று கேட்டவர்களில் ஏற்றவர்கள் 22 பேர்தான். மற்றவர்கள், எல்லோரும் தப்பலாம் அல்லது ஒருவரும் தப்பாமல் போகலாம் என்ற வேறொரு திட்டத்தை நாடினர்.

தடுப்பு மருந்து பற்றிய செய்திகளுக்கும் இது பொருந்தும். 1,000 குழந்தைகளுக்கு ஊசி போட்டதில் 10 பேருக்குக் காய்ச்சல் வந்தது என்று வைத்துக்கொள்வோம். "ஊசி போட்ட குழந்தைகளுக்குக் காய்ச்சல்" என்பது ஒரு தலைப்பு. "990 குழந்தைகளுக்கு ஒரு தொந்தரவும் இல்லை" என்பது இன்னொரு தலைப்பு. முன்னதைப் படித்த தாய் தயங்குவாள்.

அப்படியானால் நல்ல வாசகம் ஒன்றே போதுமா? போதாது. லாபத்தைச் சொல்வதா, நஷ்டத்தைச் சொல்லிப் பயமுறுத்துவதா என்று தடுப்பூசி விஷயத்தில் நடந்த பல ஆய்வுகளை 2012-ல் தொகுத்துப் பார்த்தபோது, இரண்டுக்கும் பெரிய வித்தியாசம் தெரியவில்லை.

போலியோவே இதற்குச் சாட்சி. "இரண்டு சொட்டு வாழ்வு" என்ற இந்தி வாசகத்தை நடிகர் அமிதாப் பச்சன் நாடெங்கும் பரப்பினார். ஆனாலும் சொட்டு மருந்தால் மலட்டுத்தன்மை வரும் என்ற வதந்தி உத்தரப் பிரதேசத்தில் பரவியது. 2002-ல் நாட்டில் 1,600 குழந்தைகளைப் போலியோ தாக்கியது. அவர்களில் முக்கால்வாசிக்கு மேல் அம்மாநிலத்தவர். பிறகு அக்கம்பக்கத்துப் பெண்களும் மதப் பெரியவர்களும் வீடு வீடாகப் போய்ப் பேசினர். ரயில் நிலையங்களிலும் கட்டட வேலை நடக்கும் இடங்களிலும், பிழைக்க வந்தவர்களின் குழந்தைகளைத் தேடிப் பிடித்துச் சொட்டு மருந்து கொடுத்து, சுண்டு விரலில் மை வைத்தனர். மேம்பட்ட மருந்தும் துணைக்கு வந்தது. 2011 ஜனவரிக்குப் பிறகு இந்தியாவில் இயற்கையான போலியோ வைரஸால் யாரும் பாதிக்கப்படவில்லை. 2014 மார்ச் 27-ல் உலக சுகாதார நிறுவனம் சான்றளித்தது.

தலைப்பைப் பார்த்துப் பதறாமல், "எத்தனை பேரில் எத்தனை பேர்? ஊசி போடாவிட்டால் என்ன ஆகும்?" என்று இரண்டு கேள்வி கேளுங்கள். பதில் செய்தியில் இல்லையென்றால், பக்கத்து வீட்டாரைவிட ஆரம்ப சுகாதார நிலையத்து டாக்டரைக் கேட்பதே மேல். முடிவு உங்களுடையது, பலனை அனுபவிக்கப்போவது குழந்தை.