இணைநகர்ச் சங்கங்களும் விருந்து நட்பும்

கோப்பெருஞ்சோழனும் பிசிராந்தையாரும் ஒருவரையொருவர் காணாமலே நண்பராயினர் என்பது சங்கச் செய்தி. உறையூருக்கும் பாண்டி நாட்டுப் பிசிருக்கும் இடைப்பட்ட தொலைவு அந்நட்புக்குத் தடையாகவில்லை. வேந்தர்க்கும் புலவர்க்கும் அஃது இயல்வதாயிற்று. ஆயின், கடைக்காரரும் தச்சரும் ஆசிரியரும் பள்ளிச் சிறாருமாகிய பொதுமக்கள், மொழியும் வழக்கமும் வேறான மற்றொரு நாட்டுப் பொதுமக்களோடு நட்புக்கொள்ள வேண்டுமாயின் அதற்கு வழி யாது? இவ்வினாவுக்கு ஐரோப்பியர் சென்ற நூற்றாண்டின் நடுப்பகுதியிற் கண்ட விடையே இணைநகர் முறை. பிரெஞ்சுக்காரர் இதனை 'ஜுமெலாஜ்' என்பர். இரட்டைப் பிள்ளைகளாக்குதல் என்பது அச்சொல்லின் பொருள்.

இம்முறை விழாக் கோலத்திற் பிறந்ததன்று, இடிபாட்டிற் பிறந்தது. இங்கிலாந்தின் கொவென்ரி நகரம் 1940 நவம்பர் 14ஆம் நாள் இரவு ஜேர்மானிய விமானக் குண்டுகளால் எரிந்தது. அந்நகரத்துப் பெண்கள், தம்மைப் போலவே போரில் நொந்திருந்த இரசிய நகரமாகிய ஸ்டாலின்கிராட்டின் பெண்களுக்குத் தம் பெயர்களைத் தைத்த மேசை விரிப்பொன்றை அனுப்பினர். 1944இல் இவ்விரு நகரங்களும் இணைந்தன. துன்புற்றவர் துன்புற்றவரோடு சேர்தல் இயல்பே. அதனினும் அரியது, துன்புறுத்தியவரோடு சேர்தல். அதனை 1947இல் பிரிஸ்ரல் நகரம் செய்தது. பகைநாடாயிருந்த ஜேர்மனியின் ஹனோவர் நகரத்துக்குச் சிறு குழுவொன்று சென்றது. அங்குள்ள பிள்ளைகளுக்குப் பிரிஸ்ரல் மக்கள் பாதணிகள் சேர்த்து அனுப்பினர். கைம்மாறு செய்யப் பொருளில்லாத ஹனோவர், தன் இளம் இசைஞரை அனுப்பி வைத்தது. அதே ஆண்டிற் பிரிஸ்ரல், பிரான்சின் போர்தோ நகரத்தோடும் உறவு பூண்டது.

பிரான்சும் ஜேர்மனியும் எழுபது ஆண்டுகளுக்குள் மும்முறை போரிட்ட நாடுகள். அவற்றிடையே முதலிணைப்பு 1950இல் மொன்பெலியார், லுட்விக்ஸ்பேர்க் என்னும் நகரங்களுக்கிடையே ஏற்பட்டது. மொன்பெலியாரின் நகரபிதா லூசியன் தராதென் என்பவர், நாஜிகளின் புக்கன்வால்ட் வதைமுகாமிற் கிடந்து மீண்டவர். பழிக்குப் பழி கேட்கத் தகுதியுடைய ஒருவரே கைந்நீட்டினார் என்பது ஈண்டு நினைக்கத் தக்கது. 1963 ஜனவரி 22ஆம் நாள் தெ கோலும் அடெனாவரும் நட்புறவு உடன்படிக்கையிற் கையொப்பமிட்டபோது, ஊரளவில் அதற்கான நிலம் முன்னரே உழப்பட்டிருந்தது. இன்று அவ்விரு நாடுகளுக்கிடையே மட்டும் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட இணைப்புகள் உள்ளன.

இணைப்பொப்பந்தத்திற் கையொப்பமிடுவோர் நகரபிதாக்கள். அதனை உயிரோடு வைத்திருப்பவை ஊர்தோறும் அமைந்த சங்கங்கள். இங்கிலாந்தின் சிற்றூர் ஒன்றிலே, பிரெஞ்சு ஊரொன்றோடு உறவுடைய சங்கம் எவ்வாறு இயங்குகின்றது என நோக்குவோம். தலைவர், செயலாளர், பொருளாளர், குழுவினர், சிறு ஆண்டுச் சந்தா என்பனவே அதன் அமைப்பு. பெரும்பாலும் ஓராண்டு இவர்கள் அங்குச் செல்வர். மறு ஆண்டு அவர்கள் இங்கு வருவர். விருந்தினர் விடுதியில் தங்குவதில்லை. அங்கத்தவர் வீடுகளிலேயே தங்குவர். இதுவே இம்முறையின் உயிர்நிலை எனலாம். யாரை யார் வீட்டில் அமர்த்துவதென்பது செயலாளரின் நுண்ணிய பணி. வயது, தொழில், விருப்பு, மொழியறிவு, உணவில் விலக்கு, மாடிப்படி ஏற இயலுமா, வீட்டில் நாயுண்டா என்பனவெல்லாம் முன்னரே கேட்டறியப்படும். முதல்நாள் வரவேற்பு, மறுநாள் சுற்றுலா, ஒரு நாள் அவ்வவ் வீட்டாரோடு, ஈற்றிற் பொதுவிருந்து என்பது வழமையான ஒழுங்கு. இவற்றுள் மிக்க பயன் தருவது நிகழ்ச்சி நிரலில் ஒன்றும் எழுதப்படாத அந்நாளே. அன்றுதான் விருந்தினர் அடுக்களைக்குள் வருவர், காய்கறி நறுக்குவர், பிள்ளைகளின் படிப்பையும் முதியோரின் நோயையும் பேசுவர். இலக்கணம் பிழைத்த பிரெஞ்சும் தட்டுத்தடுமாறும் ஆங்கிலமும் அதற்குப் போதும்.

விருந்தினர் வராத மாதங்களிலும் சங்கம் உறங்குவதில்லை. ஜூலை 14ஆம் நாளாகிய பிரெஞ்சு தேசிய தினத்தில் விருந்து, பொது அறிவுப் போட்டி மாலை, மொழிப் பயிற்சி வகுப்பு, 'பெத்தாங்' என்னும் இரும்புக் குண்டு எறியும் விளையாட்டு ஆகியன நடைபெறும். இவை வெறும் பொழுதுபோக்கென்று எண்ணுதல் தவறு. இவற்றாற் சேரும் பணமே பேருந்துச் செலவைக் குறைத்து, வசதி குறைந்தோரையும் பிரயாணத்திற் சேர்க்கின்றது. மேலும், தம்முள் ஒருவரையொருவர் அறியாத ஊரவர், வெளியூர் விருந்தினரை வரவேற்கும் பொருட்டுக் கூடித் தாமும் நண்பராகின்றனர்.

குறைகளும் உள. தொடக்கத்திற் சேர்ந்தோர் மூத்துவிட்டனர். இளையோர் வரவு குறைந்தது. செலவையும் பயனையும் நிறுத்துப் பார்த்த சில சபைகள் உறவை முறித்தன. இங்கிலாந்தின் பிஷப்ஸ் ஸ்ரோட்ஃபோட் நகரசபை 2011இல் தன் பிரெஞ்சு, ஜேர்மன் இணைப்புகளை முடித்துக்கொண்டது. பிரித்தானியா ஐரோப்பிய ஒன்றியத்தை நீங்கியபின், 2021 ஒக்டோபர் முதல் அடையாள அட்டை மட்டும் கொண்டு வருதல் பொதுவாகத் தடுக்கப்பட்டமையாற் பிரெஞ்சுப் பள்ளிக் குழுக்கள் அருகின. 2023 இறுதியிலேயே அக்குழுக்களுக்கு அவ்விதி தளர்த்தப்பட்டது. திருவள்ளுவர் நட்பைக் கூறிய பின்னர்ப் 'பழைமை' என்றும் ஓர் அதிகாரம் வைத்தார். நட்பைத் தொடங்குவது ஒரு கலை, பேணுவது பிறிதொரு கலை என்பதை இச்சங்கங்களின் வரலாறும் காட்டுகின்றது.

இலங்கைக்கும் இம்முறை புதிதன்று. காலி நகரம் ஒல்லாந்தின் வெல்சன் நகரத்தோடு உறவுடையது. 2016இல் வடமாகாண முதலமைச்சராயிருந்த க. வி. விக்னேஸ்வரன் காலத்தில் யாழ்ப்பாணமும் இலண்டன் பெருநகரின் கிங்ஸ்ரனும் இணைநகர்களாயின. தொலைதூர நகரோடு இணைதல் நன்றே. ஆயினும், இம்முறை முதன்முதல் எதற்காக எழுந்ததென நோக்கின், நம் கவனம் கடல் கடந்து செல்லுமுன் நம் கரையிலேயே நிற்கும்.

திருக்கோவில், சாகாமம் பகுதியிலிருந்து வடக்கே செல்வோர் அக்கரைப்பற்று, அட்டாளைச்சேனை, ஒலுவில், நிந்தவூர், காரைதீவு, சாய்ந்தமருது, கல்முனை, மருதமுனை என ஊர்களை அடுத்தடுத்துக் காண்பர். தமிழர் ஊர் எங்கு முடிந்து முஸ்லிம்கள் ஊர் எங்குத் தொடங்குகின்றதென்பது அயலார்க்குப் புலப்படாது. மொழி ஒன்று, தாய்வழிக் குடிமுறை இரு சாராரிடத்தும் உண்டு, வயலும் வாய்க்காலும் அடுத்தடுத்துள்ளன. 2004 டிசம்பர் 26ஆம் நாள் வந்த ஆழிப்பேரலை அம்பாறை மாவட்டத்திற் பதினாயிரத்துக்கும் மேற்பட்டோரைக் கொண்டபோது, அது வேலியைப் பார்த்து வரவில்லை. எனினும் போர்க்காலக் கொலைகளும் இடப்பெயர்வுகளும் மனத்தில் வேலியிட்டன. கல்முனை வடக்குப் பிரதேச செயலகம் பற்றி 2019இல் எழுந்த உண்ணாவிரதமும் எதிர்ப்பும் அவ்வேலி இன்னும் வீழவில்லை என்பதைக் காட்டின.

எல்லையையும் செயலகத்தையும் பற்றிய வழக்குகளை விருந்து தீர்த்துவிடும் என்று யாம் கூறவில்லை. மொன்பெலியாரும் அவ்வாறு எண்ணிற்றில்லை. ஆயின், ஒருவர் வீட்டில் உண்டு உறங்கியவர் மறுநாள் அவரைப் பற்றிய வதந்தியை எளிதில் நம்பார். நோன்புக் கஞ்சியும் பொங்கலும் வேலிக்கு மேலாகக் கைமாறிய வழக்கம் நம்மிடம் உண்டு. அதற்கு ஒழுங்கும் தொடர்ச்சியும் தருதலே வேண்டுவது. ஓர் இந்துக் கல்லூரியும் ஒரு முஸ்லிம் கல்லூரியும் ஆண்டுக்கொருமுறை பத்து மாணவரைப் பெற்றோர் இசைவுடன் ஒருவர் வீட்டில் ஒருவர் இரண்டு இரவுகள் தங்கவைக்கலாம். ஹலால் உணவு வேண்டுவோர் யார், வெள்ளிக்கிழமை மரக்கறி உண்போர் யார், தொழுகை நேரம் எது என்பவற்றை முன்னரே கேட்டறிந்து அமர்த்த ஓர் ஆசிரியர் வேண்டும். போக்குவரத்துக்கு ஒரு பேருந்துச் சீட்டுப் போதும். பழைய மாணவர் சங்கங்கள் இதனை ஏற்குமாயின், அடுத்த தவணையிலேயே தொடங்கலாம்.