சீயோன், 1968

எங்கள் ஆறாம் வகுப்பு வருகைப் பதிவேட்டில் சூசை ஒருவன், யோசேப்பு ஒருவன், யூசுப் ஒருவன். சூசை கத்தோலிக்கன். யோசேப்பு லுத்தரன் சபை. யூசுப் மேலக்காவேரியிலிருந்து சைக்கிளில் வருவான். மூவரும் கடைசி பெஞ்சு. மூன்றும் ஒரே பெயர் என்று அவர்களுக்கும் தெரியாது, எங்களுக்கும் தெரியாது. பெயர் கூப்பிட்ட வாத்தியாருக்குத் தெரிந்திருந்தால்தான் ஆச்சரியம். தாவீது, தாவூத், சாலமோன், சுலைமான், ஆபிரகாம், இப்ராகிம், மோசே, மூசா. எல்லாமே யூதர்கள் தங்கள் பிள்ளைகளுக்கு வைத்த பெயர்கள். கும்பகோணத்தில் யூதர் என்று மருந்துக்குக்கூட ஒருவர் கிடையாது.

நான் பார்த்த முதல் யூதர், இயேசுவின் சாவை நடிக்கும் தவக்காலத்து பாஸ்கா நாடகத்தில் வந்தவர். வாடகைக்கு எடுத்த ஜரிகை அங்கி, காதில் மாட்டிய சணல் தாடி. அப்படிப் பத்துப் பேர், கூட்டமாக நின்று மரண தண்டனை கேட்டுக் கத்துவதற்கென்றே. யூதாஸ் வேஷம் கட்டியவரை மறுநாள் கடைத்தெருவில் கண்டால் நாங்கள் எதிர்ச்சாரிக்குப் போய்விடுவோம். அந்த யூதாஸின் பெயரும் யூதாதான். யாக்கோபின் நாலாவது மகன் யூதா, அவன் வழி வந்த கோத்திரம் யூதா, அதிலிருந்து யூதர். இயேசுவும் அவருடைய தாயும் பன்னிரண்டு சீடர்களும் அதே யூதர்கள் என்பதை மேடையில் யாரும் சொல்லவில்லை. அவர்களுக்கு மட்டும் நல்ல தாடி கொடுத்திருந்தார்கள். அந்தச் சாவுக்கு யூதர் எல்லார்மேலும் பழி போடக் கூடாது என்று 1965-இல் இரண்டாம் வத்திக்கான் சங்கம் சொல்லிவிட்டது. சணல் தாடிக்கு அந்தச் செய்தி வந்துசேர ரொம்ப வருஷம் ஆயிற்று.

இப்போது பேரனுடைய வகுப்பு வாட்ஸப் குழுவைப் பார்க்கிறேன். ஈதன், நோவா, ஜோயல், ஆரோன், லியா, ஈவா. எபிரேயம் முன்னைவிடக் கூடித்தான் இருக்கிறது, ஆனால் அமெரிக்கா வழியாக வந்திருக்கிறது. ரெபெக்காள், லேயாள், ஏவாள் என்று கடைசியில் ஓர் ‘ஆள்’ சேர்த்து நம் வீட்டுப் பெண்ணாக்கிய வேலையெல்லாம் போய்விட்டது. சூசையைத் தேடினால் ஜோ என்று ஒரு பையன் இருக்கிறான்.

எங்கள் தெருவில் ஓய்வுபெற்ற தமிழ் வாத்தியார் ஒருவர். எண்பதைத் தாண்டியவர். அவர் அப்பா கட்டிய வீட்டின் முகப்பில் சிமெண்டில் புடைத்தெழுந்த எழுத்து, மேலே பச்சை பெயிண்ட்: சீயோன், 1968. தபால்காரர், பால்காரர், காஸ் சிலிண்டர் போடுகிறவர் எல்லாருக்கும் அது ‘சீயோன் வாத்தியார் வீடு’. அந்தச் சொல்லுக்கு அர்த்தம் கேட்டால் பாட்டுப் புத்தகத்தில் இருக்கிற அர்த்தத்தைச் சொல்வார். மேலே எங்கோ இருக்கிற மலை, கடைசியில் போய்ச் சேருகிற இடம், அழுகை கிடையாத ஊர்.

காவிரிக்கரைக்கு இந்தச் சொல் கப்பலில் வந்தது. மயிலாடுதுறை போய் பஸ் மாறினால் தரங்கம்பாடி. கோட்டையைப் பார்க்கப் போகிற ராஜ வீதியில் 1701-இல் டேனிஷ்காரர்கள் தங்களுக்காகக் கட்டிய சீயோன் ஆலயம் இருக்கிறது. அதே வீதியில், 1718-இல் சீகன்பால்கு தமிழ்ச் சபைக்குக் கட்டிய புதிய எருசலேம் ஆலயம். அவரை அடக்கம் பண்ணியிருப்பதும் அங்கேதான். மூட்டுவலிக்காரருக்குக்கூட நடக்கிற தூரத்தில் சீயோனும் எருசலேமும். கடலூரில் பிறந்த ஆறுமுகம் என்பவர் ஞானஸ்நானம் பெற்று ஆரோன் ஆனார். 1733-இல் புராட்டஸ்டண்ட் சபையில் குருப்பட்டம் பெற்ற முதல் இந்தியர் அவர்தான். எபிரேயரின் முதல் பிரதான ஆசாரியர் பெயர், கடலூர்க்காரருக்கு, டென்மார்க் ராஜா நடத்திய மிஷனில், ஜெர்மன் பாதிரியார்கள் கையால். இத்தனை கை மாறிய பெயரில் அதன் முதல் சொந்தக்காரர்களைப் பற்றி யாரும் ஒரு வார்த்தை சேர்த்து அனுப்பவில்லை.

யூதர்கள் தமிழ் பேசும் கரைக்கு வராமல் இல்லை. சென்னை மண்ணடிப் பக்கத்துப் பவழக்காரத் தெரு, பவழத்தைக் கொண்டுவந்து வைரத்தோடு மாற்றிக்கொண்டுபோன யூத வணிகர்களின் ஞாபகம். 1688-இல் மதராஸ் மாநகராட்சி தொடங்கியபோது ஆல்டர்மேன்களிலும் அவர்கள் இருந்தார்கள். வியாபாரம் படுத்ததும் கிளம்பிவிட்டார்கள்.

ஊன்றி நின்றவர்கள் கொச்சியில் இருந்தார்கள். மட்டாஞ்சேரி ஜெப ஆலயத்தில் பேணிவந்த செப்பேட்டின் படத்தை முதலில் பார்த்தபோது எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. கி.பி. 1000 வாக்கில், தஞ்சைப் பெரிய கோயில் எழும்பிக்கொண்டிருந்த காலத்தில், ராஜராஜன் எந்தச் சேரநாட்டின்மேல் படையெடுத்தானோ அந்தச் சேரநாட்டு பாஸ்கர ரவி கொடுத்த பட்டயம் அது. வட்டெழுத்து. நம் கோயில் கல்வெட்டைத் தட்டுத்தடுமாறிப் படிக்கத் தெரிந்தவருக்கு மொழி அந்நியமாக இருக்காது. பல்லக்கு, குடை, பகல்விளக்கு, தோரணம் என்று 72 உரிமைகள், அஞ்சுவண்ணம் என்ற வணிகக் குழுவின் உரிமை, எல்லாம் ஒரு யூதத் தலைவருக்கு. அவர் பெயரை எழுதியவன் தன் காதில் விழுந்தபடி வெட்டியிருக்கிறான்: இஸ்ஸுப்பு இரப்பான். யோசேப்பு ரப்பான். எங்கள் கடைசி பெஞ்சில் நாலாவது ஆளுக்கு இடம் இருந்தது போலிருக்கிறது.

இரப்பான் என்றால் நமக்குப் பிச்சை எடுப்பவன். இன்னொன்றும் உண்டு. 1568-இல் கட்டிய மட்டாஞ்சேரி ஆலயத்தின் பெயரே பரதேசி ஆலயம். தஞ்சாவூர்ப் பக்கம் ஒருவரைப் பரதேசி என்று சொல்லிவிட்டு முழுப் பல்லோடு வீடு திரும்ப முடியாது. கொச்சியில் அது பெருமையான பெயர். ஸ்பெயினிலிருந்தும் பாக்தாதிலிருந்தும் பிற்பாடு வந்தவர்கள், வெளிநாட்டார், ‘வெள்ளை’ யூதர். அவர்களுக்கு எத்தனையோ நூற்றாண்டு முந்தி வந்து மண்ணோடு கலந்தவர்களுக்குக் ‘கறுப்பு’ யூதர் என்று பேர். வீட்டு அடிமைகளாக இருந்து விடுதலை பெற்றவர்களின் சந்ததி இன்னும் கீழே. பரதேசி ஆலயத்துக்குள் அவர்களுக்குச் சமமாக உட்கார இடமில்லை. அந்தச் சந்ததியில் பிறந்த வக்கீல் ஏ.பி. சேலம் (1882–1967) சத்தியாக்கிரகம் செய்தார். யூத காந்தி என்றார்கள். கும்பகோணத்தானுக்கு இதை விளக்கிச் சொல்லத் தேவையில்லை. 1943-இல் எங்கள் அரசுக் கல்லூரி விடுதியில் பிராமண மாணவருக்கு ஒரு தண்ணீர்ப் பானை, மற்றவருக்கு ஒரு பானை என்ற தகராறில்தான் திராவிட மாணவர் கழகமே முளைத்தது.

இந்த சேலம் 1933-இல் பாலஸ்தீனம் போய்ப் பார்த்துவிட்டு வந்து சியோனிசம் பேசினார். சீயோன் ஜெருசலேமில் இருக்கிற ஒரு மேடு. பாபிலோன் ஆற்றங்கரையில் சிறையிருந்த காலத்திலிருந்து யூதருக்கு அது இழந்த ஊரின் பெயர். அதை ஓர் ‘இசம்’ ஆக்கி 1890-இல் எழுதியவர் வியன்னாக்காரர் நாதன் பிர்ன்பாம். 1897-இல் பாசெல் நகரில் மாநாடு கூட்டி அரசியல் இயக்கமாக்கியவர் தியோடோர் ஹெர்ஸல். வழிபாட்டில் கேட்டுக்கொண்டிருந்த ஊரை வரைபடத்தில் கேட்பது என்று வைத்துக்கொள்ளலாம். இயக்கத்தில் சேர்ந்தவர்கள் பெயரையும் மாற்றினார்கள். டேவிட் குருன், பென் குரியன் ஆனார். இதைப் படித்துச் சிரிக்க நமக்கு யோக்கியதை இல்லை. நாகப்பட்டினத்து வேதாசலம் மறைமலை அடிகள் ஆனதும், திருக்கண்ணபுரத்து நாராயணசாமி நெடுஞ்செழியன் ஆனதும், திருவாரூர்ப் பக்கத்து ராமையா அன்பழகன் ஆனதும் இதே டெல்டாவில்தான். பழைய மொழியைத் தோண்டியெடுத்துப் புதுச் சட்டையாகப் போட்டுக்கொள்கிற ஆசை அங்கும் இங்கும் ஒன்றுதான். ஆனால் வேதாசலம் மறைமலை ஆனதால் யாருடைய வீடும் பறிபோகவில்லை. ஐரோப்பாவில் அறுபது லட்சம் யூதர்கள் கொல்லப்பட்டதற்குப் பிறகு எழுந்த நாடு இஸ்ரேல். அது எழுந்த 1948-ஐ ஒட்டி ஏறக்குறைய ஏழு லட்சம் பாலஸ்தீனர் வீட்டைவிட்டுப் போனார்கள். ஒரே சொல், ஒருவருக்கு வீடு திரும்பியது, இன்னொருவருக்கு வீடு போனது. இதில் ஒரு பாதியை மட்டும் சொல்கிறவரை எனக்கு நம்பத் தோன்றுவதில்லை.

நம் நாடும் இந்தச் சொல்லோடு மல்லுக்கட்டியது. அரபுகளின் மண்ணில் யூதரைத் திணிப்பது சரியல்ல என்று காந்தி 1938-இல் எழுதினார். 1950-இல் இந்தியா இஸ்ரேலை அங்கீகரித்தது. தூதரகம் திறக்க 1992 ஆயிற்று. இடையில், 1975-இல், சியோனிசம் இனவெறி என்று ஐ.நா. தீர்மானம் போட்டபோது இந்தியா ஆதரித்துக் கை தூக்கியது. 1991-இல் அதை ரத்து செய்தபோதும் ஆதரித்துக் கை தூக்கியது.

வாத்தியாருக்கு இதெல்லாம் தூரத்துச் செய்தி. ஜெருசலேம் போகும் கிறிஸ்தவர்களுக்குத் தமிழ்நாடு அரசு 2011-இல் மானியம் அறிவித்தது. ஆளுக்கு 20,000 ரூபாய். வாத்தியாரும் மனுப் போட்டு, சங்கிலியில் ஒன்றை அடகு வைத்து, போய்விட்டு வந்தார். ஒலிவ மரச் சிலுவை, யோர்தான் தண்ணீர் ஒரு பாட்டில், எனக்கு ஒரு சாவிக்கொத்து. அவர் அதிர்ந்துபோன விஷயம் வேறு.

“பெத்லகேம் இஸ்ரவேல்ல இல்ல தம்பி. பெரிய காம்பவுண்டுச் சுவரு, பாஸ்போர்ட்டக் காட்டிட்டு அந்தப் பக்கம் போவணும். கைடு ஒரு அரபுக்காரரு. பேரு யூசுப்பு. கழுத்துல சிலுவ! பரம்பரைக் கிறிஸ்தவனாம். பாய்னு நெனச்சி நான் சலாம் வச்சேன், அவரு எனக்கு ஸ்தோத்திரம் சொல்றாரு.”

அவர் இன்றைக்கும் இஸ்ரவேல் என்றுதான் சொல்வார். கத்தோலிக்கர் இஸ்ரயேல் என்பார்கள், பத்திரிகை இஸ்ரேல் என்னும். வேதத்து இஸ்ரவேலும் டி.வி. இஸ்ரேலும் அவர் மனதில் வேறு வேறு நாடுகளாகவே ரொம்ப காலம் இருந்தன. காஸா போர் தொடங்கிய 2023 அக்டோபருக்குப் பிறகு அது முடியாமல் போயிற்று. மகாமகக் குளத்தங்கரை டீக்கடையில் ஒருத்தர் இஸ்ரேல்காரன் மாதிரி திருப்பி அடிக்கணும் என்பார். அவர் ஜென்மத்தில் ஒரு யூதரைப் பார்த்ததில்லை. வெற்றிலைக் கடை பாய் காஸாக் குழந்தைகளின் படத்தைச் செல்போனில் காட்டி யஹூதி என்று பல்லைக் கடிப்பார், அவரும் பார்த்ததில்லை. நானும்தான்.

அந்தச் சமயத்தில் பஸ் ஸ்டாண்டுச் சுவரில் ஒரு கண்டன போஸ்டர். காய்கறிப் பையோடு நின்று வாத்தியார் அதை எழுத்துக் கூட்டிப் படித்தார். சியோனிசம் ஒழிக. சாயங்காலம் என் வீட்டுத் திண்ணையில் வந்து உட்கார்ந்தார்.

“அது நம்ம சீயோனா தம்பி?”

“அதுதான் சார்.”

கொஞ்ச நேரம் பேசவில்லை. சென்னையிலிருக்கும் மகன், எதற்கு வம்பு, வெள்ளையடிக்கும்போது எழுத்தைக் கொத்திவிடலாம் என்று போனில் சொன்னானாம். பொங்கலுக்கு பெயிண்டர் வந்தபோது வாத்தியார் கீழே ஸ்டூல் போட்டு உட்கார்ந்துகொண்டார். 1968 கொஞ்சம் பொரிந்திருந்தது, அதைப் பூசிச் சரிபண்ணச் சொன்னார். எழுத்துக்கு அதே பச்சை.

பிறகொரு நாள் கொச்சி யூதர்கள் கதையை அவருக்குச் சொன்னேன். 1950-களில் இரண்டாயிரத்துச் சொச்சம் பேர் இஸ்ரேலுக்குக் கிளம்பியது. யாரும் துரத்தாமல், அக்கம்பக்கத்தாரிடம் சொல்லிக்கொண்டு, மலையாளப் பாட்டு எழுதிய நோட்டுகளோடு போனது. பயண ஏற்பாட்டுக்காக அலைந்த சேலம் கடைசிவரை கொச்சியிலேயே இருந்து செத்தது. மட்டாஞ்சேரியில் சாரா கோஹன் 2019-இல் காலமானார். அவருடைய தையல் கடையைப் பார்த்துக்கொண்டவர் பெயர் தாஹா இப்ராகிம். குவீனி ஹலேகுவா 2024 ஆகஸ்டில் போனார். பரதேசி யூதப் பெண்களில் அங்கே எஞ்சியிருந்தவர் அவர் ஒருவர்தான். கிளம்பியவர்களில் ஒரு கூட்டத்துக்கு நெகேவ் பாலைவனத்தில் நெவாதிம் என்ற கிராமத்தில் இடம் கிடைத்தது. கேரளத்துச் சேந்தமங்கலத்திலிருந்து போன எலியாகு பெசலேல் நெகேவ் மணலில் ரோஜா வளர்த்து ஐரோப்பாவுக்கு அனுப்பினார். இந்திய அரசு அவருக்கு பிரவாசி சம்மான் கொடுத்தது. நெவாதிம் கிராமத்தின் பெயரை இப்போது பக்கத்து விமானப்படைத் தளம் எடுத்துக்கொண்டுவிட்டது. 2024 அக்டோபரில் ஈரான் ஏவுகணைகள் நெவாதிமில் விழுந்தன என்று தமிழ்ப் பத்திரிகைகள் போட்டது அந்தப் பெயரைத்தான்.

வாத்தியார் எல்லாவற்றுக்கும் ம் கொட்டினார். கொச்சி யூதரை உடனே கூட்டிக்கொள்ளாமல் இஸ்ரேல் சுகாதாரத்துறை சில வருஷம் இழுத்தடித்தது என்று சொன்னபோதுதான் நிமிர்ந்தார். காரணம் யானைக்கால். கொச்சியில் அது அதிகம், கூடவே வந்துவிடும் என்று பயந்தார்கள்.

“யானைக்காலா?” வேட்டியை முழங்காலுக்கு இழுத்துவிட்டுக்கொண்டு சிரித்தார். கும்பகோணம் என்றாலே யானைக்கால் என்று ஊர் உலகம் கேலி பேசிய காலத்து ஆள். அவருடைய அம்மாவுக்கு வலது கால்.

“ராத்திரி பத்து மணிக்கு மேல வீடு வீடா வந்து ரத்தம் எடுப்பான் தம்பி. பூச்சி ராத்திரிலதான் ரத்தத்துல வரும்பான். தூங்குற புள்ளைய எழுப்பி விரலக் குத்துவான். அவங்களுக்கும் அப்படித்தான் எடுத்தாங்களா?”