பழைய கம்ப்யூட்டருக்குப் பேரீச்சம்பழமா?

"பழைய இரும்பு, ஈயம், பித்தளைக்குப் பேரீச்சம்பழம்!"

குழந்தைகளே... உங்கள் தாத்தா, பாட்டியிடம் இந்தக் குரலைப் பற்றிக் கேட்டுப் பாருங்கள். உடனே அவர்கள் முகத்தில் ஒரு சிரிப்பு வரும். நாங்கள் சிறுவர்களாக இருந்தபோது, தெருவில் தள்ளுவண்டி வரும். ஓட்டைக் குடம், நசுங்கிய வாளி, துருப்பிடித்த ஆணி என்று எதைக் கொண்டு போய்க் கொடுத்தாலும், கையில் பிசுபிசுவென்று ஒட்டும் பேரீச்சம்பழம் கிடைக்கும். வீட்டிலிருந்த நல்ல கரண்டியைக் கொண்டு போய்க் கொடுத்துவிட்டு, அம்மாவிடம் அடி வாங்கியவர்களும் உண்டு. அதில் நானும் ஒருவன்!

இன்றைக்கு அந்த மாதிரி வண்டியில் எட்டிப் பார்த்தால், இரும்பு வாளிக்குப் பக்கத்தில் கீ-போர்டு கிடக்கிறது. மானிட்டர் கிடக்கிறது. செல்போன் சார்ஜர்கள் இடியாப்பம் போலச் சிக்கிக் கிடக்கின்றன. சரி, பழைய கம்ப்யூட்டருக்கு என்ன கிடைக்கும்?

தங்கம் கிடைக்கும்! விஷமும் கிடைக்கும். இரண்டில் எது நம் கைக்கு வரும் என்பது, அதை எப்படிப் பிரிக்கிறோம் என்பதைப் பொறுத்தது.

கருவேல மரத்துக்குப் பின்னால் புகை

நான் ஆசிரியராக வேலை பார்த்த ஊர் துவாக்குடி. திருச்சியிலிருந்து தஞ்சாவூர் போகும் சாலையில் இருக்கிறது. சத்திரம் பேருந்து நிலையத்தில் பஸ் ஏறினால், திருவெறும்பூர், பெல் தொழிற்சாலை எல்லாம் தாண்டி எங்கள் ஊர் வரும். என்.ஐ.டி. என்கிற பெரிய பொறியியல் கல்லூரியும் இங்கேதான் இருக்கிறது. ஊரைச் சுற்றிலும் இரும்பை வெட்டி, வளைத்து, பற்றவைக்கும் பட்டறைகள். அதனால் எங்கள் ஊர்க் குழந்தைகளுக்கு ஒரு விஷயம் நன்றாகத் தெரியும்... உலோகத்தில் குப்பை என்று எதுவும் கிடையாது. தரையில் விழும் இரும்புத் துணுக்குக்குக்கூட விலை உண்டு!

2005ம் ஆண்டு இருக்கும். ஒருநாள் மாலை பள்ளி விட்டு சைக்கிளில் போய்க் கொண்டிருந்தேன். சீமைக் கருவேல மரங்களுக்குப் பின்னால் கரும்புகை. மூக்கைத் துளைக்கும் நாற்றம். போய்ப் பார்த்தால், ஏழாம் வகுப்பில் படித்த என் மாணவன். ஒரு கட்டு ஒயரைத் தீயில் போட்டுக் குச்சியால் கிளறிக் கொண்டிருந்தான்.

"செம்புக் கம்பி எடுக்கறேன் சார்... பழைய இரும்புக் கடையில போட்டா காசு தருவாங்க" என்றான். பேசும்போதே இருமினான்.

நன்றாகத் திட்டி, தீயை மண் போட்டு அணைத்து, வீட்டுக்கு அனுப்பி விட்டேன்.

அந்த மாணவன் இப்போது துவாக்குடியில் கம்ப்யூட்டர் சர்வீஸ் கடை வைத்திருக்கிறான். என் வீட்டில் ஓடாமல் கிடந்த பழைய கம்ப்யூட்டரை அவனிடம் கொண்டு போனபோது, இந்தக் கதையை நினைவுபடுத்தினேன். சிரித்துக் கொண்டே, "ஞாபகம் இருக்கு சார். திட்டினீங்க... ஆனா ஏன் எரிக்கக் கூடாதுன்னு சொல்லவே இல்லையே!" என்றான்.

எனக்குச் சுருக்கென்று இருந்தது. உண்மைதான். அன்றைக்கு எனக்கே காரணம் சரியாகத் தெரியாது. அன்று அவனிடம் சொல்லாமல் விட்டதை, இன்று உங்களிடம் சொல்லி விடுகிறேன்.

பெட்டிக்குள் என்ன இருக்கிறது?

முதலில் அவன் கேட்ட கேள்வி, "சார், இதுல எது எது இன்னும் ஓடும்னு பார்க்கலாமா?"

பார்த்தீர்களா... பழையதை எடை போட்டுப் பார்ப்பதற்கு முன், உயிர் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். ஒவ்வொரு பாகமாகச் சோதித்தான். மின்விசிறி ஓடியது. கீ-போர்டு வேலை செய்தது. அவற்றைத் தனியே எடுத்து வைத்தான். மற்றவை இருபது வயதுக் கிழங்கள்! எதுவும் எழுந்திருக்கவில்லை. அவற்றைக் காட்டி எனக்குப் பாடம் நடத்தினான். அன்று நான் மாணவன், அவன் வாத்தியார்!

ஒரு சின்னக் காந்தத்தை எடுத்து வெளிப்பெட்டியில் வைத்தான். டக்கென்று ஒட்டிக் கொண்டது. அது இரும்புத் தகடு. உள்ளே, சூட்டைத் தணிப்பதற்காகச் சீப்புப் பல் போன்ற ஒரு துண்டு இருந்தது. காந்தம் ஒட்டவில்லை. அது அலுமினியம். தகவல்களைச் சேமிக்கும் ஹார்ட் டிஸ்க்கின் கனமான உடம்பும் அலுமினியம்தான். அதற்குள்ளேயே நியோடிமியம் என்ற உலோகம் சேர்ந்த, மிக வலுவான காந்தமும் இருக்கிறது. ஒயர்களின் நடுவே செம்பு.

பிறகு பச்சை நிறப் பலகையைக் காட்டினான். அதுதான் சர்க்யூட் போர்டு. அதில் பாகங்களைப் பற்றவைக்கப் பழைய நாளில் வெள்ளீயமும் ஈயமும் கலந்த கலவையைப் பயன்படுத்தினார்கள். ராம் எனப்படும் நினைவகப் பட்டையின் ஓரத்தில், வரிசையாக மஞ்சள் நிறத்தில் பற்கள் மின்னின. அது என்ன தெரியுமா? தங்கப் பூச்சு!

"கம்ப்யூட்டரில் ஏன் தங்கம்? அது என்ன கல்யாணப் பெண்ணா?" என்று கேட்காதீர்கள். தங்கம் துருப்பிடிக்காது. மின்சாரத்தையும் நன்றாகக் கடத்தும். பல வருடங்கள் ஆனாலும் இணைப்பு கெடாமல் இருக்க, மிக மெல்லிய பூச்சாகப் பூசுகிறார்கள்.

கோலார் சுரங்கமும் பச்சைப் பலகையும்

கர்நாடகத்தில் கோலார் தங்க வயல் என்ற ஊரைக் கேள்விப்பட்டிருப்பீர்கள். தமிழ்நாட்டிலிருந்து போன ஏராளமான தொழிலாளர்கள் அங்கே உழைத்தார்கள். பூமிக்குள் 3 கிலோ மீட்டருக்கும் அதிகமான ஆழத்தில் இறங்கி, பாறையை உடைத்துத் தங்கம் எடுத்தார்கள். 2001ம் ஆண்டு அந்தச் சுரங்கம் மூடப்பட்டது. பொதுவாகத் தங்கச் சுரங்கங்களில் ஒரு டன் பாறையை அரைத்தால், சில கிராம் தங்கம் கிடைப்பதே பெரிய விஷயம்.

ஆனால், ஒரு டன் கம்ப்யூட்டர் சர்க்யூட் போர்டுகளில் நூறு, இருநூறு கிராம் தங்கம்கூட இருக்கும்! கூடவே வெள்ளியும், நிறையச் செம்பும். அதனால்தான் இதை 'நகரத்துச் சுரங்கம்' என்கிறார்கள்.

ஜப்பான்காரர்கள் இதைச் செய்தே காட்டினார்கள். டோக்கியோ ஒலிம்பிக் பதக்கங்களுக்காக, 2017 முதல் 2019 வரை நாடு முழுவதும் மக்களிடம் பழைய மின்னணுக் கருவிகளைச் சேகரித்தார்கள். ஏறத்தாழ 79 ஆயிரம் டன் சேர்ந்தது. செல்போன்கள் மட்டும் 62 லட்சம்! அவற்றிலிருந்து 32 கிலோ தங்கமும், 3,500 கிலோ வெள்ளியும் எடுத்து, சுமார் 5,000 பதக்கங்களுக்குப் பயன்படுத்தினார்கள். 2021ல் அங்கே ஈட்டி எறிதலில் நம் நீரஜ் சோப்ரா வாங்கிய தங்கப் பதக்கமும் அப்படி வந்ததுதான். யாரோ ஒரு ஜப்பானியச் சிறுமி வீசி எறியாமல் கொடுத்த செல்போன், நம் நாட்டுக்குப் பதக்கமாக வந்திருக்கிறது. எவ்வளவு நன்றாக இருக்கிறது, இல்லையா?

புகைக்குள் இருப்பது என்ன?

இப்போது என் மாணவனின் கேள்விக்கு வருவோம். ஒயரை ஏன் எரிக்கக் கூடாது?

ஒயரின் மேலுறை பெரும்பாலும் பி.வி.சி. என்ற பிளாஸ்டிக். அதில் குளோரின் இருக்கிறது. எரித்தால், கண்ணையும் நுரையீரலையும் அரிக்கும் அமில வாயு வரும். டையாக்ஸின் என்ற கொடிய நஞ்சும் உண்டாகும். அது மண்ணில் படிந்தால் சீக்கிரம் அழியாது. புல்லில் படிந்து, அதை மேயும் மாட்டின் பாலிலும் வந்து விடும். எரித்தவனோடு முடிந்து போகிற விஷயமில்லை.

பின்பக்கம் பானை போலப் புடைத்திருக்கும் பழைய மானிட்டரின் கண்ணாடியில் ஈயம் கலந்திருக்கிறது. தட்டையாக வந்த முதல்கட்ட மானிட்டர்கள் பலவற்றின் விளக்கில் பாதரசம் இருக்கிறது. ஈயம் குழந்தைகளின் மூளை வளர்ச்சியைப் பாதிக்கும். படிப்பு ஏறாது, கவனம் நிற்காது. பெரியவர்களைவிடக் குழந்தைகளின் உடல் ஈயத்தை அதிகமாக உறிஞ்சிக் கொள்ளும்.

டில்லியில் சீலம்பூர் என்ற இடம் இருக்கிறது. அங்கே சின்னச் சின்ன அறைகளில் கம்ப்யூட்டர்களை உடைத்துப் பிரித்து, ஏராளமான ஏழைகள் பிழைக்கிறார்கள். தங்கத்துக்காகச் சர்க்யூட் போர்டுகளை அமிலத்தில் போடும் வேலையும் நம் நாட்டில் பல ஊர்களில் நடக்கிறது. மிச்ச அமிலம் சாக்கடைக்குப் போகிறது.

இதில் ஒரு கொடுமையைக் கேளுங்கள். உலக சுகாதார நிறுவனம் 2021ல் ஓர் அறிக்கை வெளியிட்டது. இந்த வேலையில் குழந்தைகளை ஏன் ஈடுபடுத்துகிறார்கள் என்பதற்கு அதில் ஒரு காரணம் சொல்லப்பட்டிருந்தது. சின்னப் பாகங்களைப் பிரிக்க, சின்னக் கைகள் வசதியாக இருக்கின்றனவாம்! பென்சில் பிடிக்க வேண்டிய கைகள், குழந்தைகளே... உங்கள் கைகளைப் போன்ற கைகள்!

முறையாகப் பிரித்தால்...

அப்படியானால் கம்ப்யூட்டரைப் பிரிக்கவே கூடாதா? பிரிக்கலாம். அதற்கென்று அனுமதி பெற்ற ஆலைகள் இருக்கின்றன. அங்கே முகமூடி, கையுறை அணிந்த தொழிலாளர்கள் முதலில் பேட்டரி, மானிட்டர் போன்ற ஆபத்தானவற்றைத் தனியே எடுக்கிறார்கள். ஒயரை எரிப்பதில்லை. கரும்பின் தோலைச் சீவுவது போல, இயந்திரம் மேலுறையை உரித்து விடும். செம்பு பளபளவென்று அப்படியே வரும்.

மற்றவற்றைப் பொடியாக்கி ஓடவிடுவார்கள். இரும்பைக் காந்தம் இழுத்துக் கொள்ளும். அலுமினியத்தைத்தான் காந்தம் இழுக்காதே, என்ன செய்வது? அதற்கும் காந்தம்தான்! காந்தத்தை மிக வேகமாகச் சுழற்றினால், அலுமினியத் துண்டுக்குள் மின்சாரம் உண்டாகி, அது எட்டி உதைத்தது போலத் தள்ளிப் போய் விழும். சர்க்யூட் போர்டுகளை, புகையை வடிகட்டும் வசதியுள்ள பெரிய உலைகளில் உருக்கி, செம்பு, வெள்ளி, தங்கம் என்று ஒவ்வொன்றாகப் பிரிப்பார்கள்.

"எரிச்ச செம்பு கறுத்துப் போயிடும் சார். உரிச்ச செம்புக்கு இருக்கற விலை அதுக்கு இருக்காது. அது தெரியாம நான் அன்னைக்கு உடம்பையும் கெடுத்துக்கிட்டேன், காசையும் விட்டுட்டேன்" என்றான் மாணவன்.

இந்தியாவில் மின்னணுக் கழிவுக்கென்று தனி விதிகள் 2012 மே முதல் நடைமுறைக்கு வந்தன. இப்போது இருப்பது 2023 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த புதிய விதிகள். கம்ப்யூட்டரைத் தயாரித்து விற்கும் நிறுவனமே, அது பழசான பிறகு முறையாக மறுசுழற்சி ஆவதற்கும் பொறுப்பு என்பதுதான் இவற்றின் சாரம்.

ஆனாலும் நாம் போக வேண்டிய தூரம் அதிகம். ஐ.நா. அமைப்புகளின் கணக்குப்படி, 2022ல் உலகம் முழுவதும் சேர்ந்த மின்னணுக் கழிவு 6 கோடியே 20 லட்சம் டன். அதை 40 டன் லாரிகளில் ஏற்றி வரிசையாக நிறுத்தினால், பூமத்திய ரேகையையே ஒரு சுற்றுச் சுற்றிவிடும்! அதில் முறையாகச் சேகரிக்கப்பட்டு மறுசுழற்சி ஆனது நான்கில் ஒரு பங்குகூட இல்லை. கழிவு சேர்வதில் சீனா, அமெரிக்காவுக்கு அடுத்த இடம் நமக்குத்தான்.

மூன்று ஒன்றான கதை

மாணவனின் கடை மூலையில் மூன்று லேப்டாப்கள் இருந்தன. தமிழக அரசு 2011 செப்டம்பரில் தொடங்கிய திட்டத்தில், மாணவர்களுக்கு இலவச லேப்டாப் கொடுத்தார்கள் அல்லவா? உங்கள் அக்கா, அண்ணன் வாங்கியது உங்கள் வீட்டுப் பரணில்கூட இருக்கலாம். அப்படி வந்தவைதான் இவையும்.

"ஒண்ணுல திரை போச்சு. ஒண்ணுல ஹார்ட் டிஸ்க் போச்சு. இன்னொண்ணுல மதர் போர்டே போச்சு. ஆனா மூணும் ஒரே வருஷத்துல கொடுத்த ஒரே மாடல் சார். பாகங்கள் ஒண்ணுக்கொண்ணு பொருந்தும்" என்றான்.

நல்ல திரை, நல்ல ஹார்ட் டிஸ்க், நல்ல மதர் போர்டு மூன்றையும் ஒன்று சேர்த்தான். இரண்டின் ராமை ஒன்றில் போட்டான். பழைய கருவியிலும் சிரமமின்றி ஓடும் லினக்ஸ் வகை மென்பொருளை ஏற்றினான். இது இலவசமாகவே கிடைக்கிறது. சென்னையில் சி-டாக் நிறுவனம் உருவாக்கிய 'பாஸ்' என்பதும் இந்த வகைதான். செத்துப்போன மூன்று லேப்டாப்களிலிருந்து ஒன்று உயிரோடு எழுந்தது! எங்கள் தெருவில் எட்டாம் வகுப்புப் படிக்கும் ஒரு பெண், இப்போது அதில்தான் தமிழ்த் தட்டச்சு பழகுகிறாள்.

மிச்சமானவற்றை அவன் உடைக்கவில்லை. என் கம்ப்யூட்டரின் சர்க்யூட் போர்டு, மானிட்டரோடு சேர்த்து மூட்டை கட்டி, அனுமதி பெற்ற மறுசுழற்சி நிறுவனத்துக்கு அனுப்ப வைத்திருக்கிறான்.

கிளம்பும்போது, "சார், பழைய இரும்புக்கு நீங்க ஒண்ணும் வாங்கிக்காமப் போறீங்களே" என்று சொல்லி, மேஜை டிராயரைத் திறந்து ஒரு பொட்டலம் கொடுத்தான். பிரித்துப் பார்த்தேன்.

பேரீச்சம்பழம்!

நீங்கள் செய்ய வேண்டியவை

* கம்ப்யூட்டரை நீங்களாகத் திறக்காதீர்கள். மின் இணைப்பை எடுத்த பிறகும் பவர் சப்ளையிலும், பழைய மானிட்டரிலும் மின்சாரம் தேங்கி நிற்கும். ஷாக் அடிக்கும்.

* உப்பிய பேட்டரியைக் குத்தவோ, அழுத்தவோ கூடாது. தீப்பற்றும். உடனே பெரியவர்களிடம் சொல்லுங்கள்.

* ஒயரை யாராவது எரிப்பதைப் பார்த்தால், தள்ளிப் போய் விடுங்கள். ஏன் எரிக்கக் கூடாது என்பதையும் வீட்டில் சொல்லுங்கள்.

* பழைய கம்ப்யூட்டரைக் கொடுக்கும் முன், அதிலிருக்கும் படங்களையும் தகவல்களையும் பெரியவர்கள் உதவியோடு முழுமையாக அழித்து விடுங்கள்.

* ஓடுமா என்று முதலில் பாருங்கள். ஓடினால் தேவைப்படுபவருக்கு, ஓடாவிட்டால் அனுமதி பெற்ற மறுசுழற்சியாளருக்கு. குப்பைத் தொட்டிக்கு மட்டும் வேண்டாம்.

* ஒரு காந்தத்தை எடுத்துக் கொண்டு வீட்டிலிருக்கும் ஸ்பூன், பாத்திரம், சாவி, பூட்டு எல்லாவற்றிலும் வைத்துப் பாருங்கள். ஒட்டுவது எது, ஒட்டாதது எது என்று பட்டியல் போடுங்கள். ஆனால் நல்ல கரண்டியைப் பேரீச்சம்பழத்துக்குப் போட்டு விடாதீர்கள்!