மறதியா? நோயா?
பெரியவர்களை ஞாபகப் பரிசோதனைக்கு அழைத்துப் போகும் முன் தம்பதியர் தெரிந்துகொள்ள வேண்டியவை



"என்னங்க, அத்தை இன்னைக்கும் சோத்துப் பானையை அடுப்புல வச்சுட்டு மறந்துட்டாங்க. கருகிப் போச்சு. கேட்டா, நீதான் வச்சேன்னு என் மேலேயே பழி போடுறாங்க."

"வயசாச்சுல்ல, அப்படித்தான் இருக்கும். நீதான் கொஞ்சம் அனுசரிச்சுப் போகணும்."

இந்தப் பேச்சு உங்கள் வீட்டிலும் நடந்திருக்கலாம். மாமியாருக்குத் தன்னைப் பிடிக்கவில்லை என்று மனைவி நினைக்கிறாள். மனைவி எப்போதும் குறை சொல்கிறாள் என்று கணவன் நினைக்கிறான். இருவருக்கும் நடுவில் ஒரு நோய் இருப்பது யார் கண்ணிலும் படுவதில்லை. இப்படியே ஒரு வருஷம், இரண்டு வருஷம் ஓடிவிடுகிறது.

நம் நாட்டில் 60 வயதைக் கடந்தவர்களில் 100-க்கு ஏறக்குறைய 7 பேருக்கு மறதி நோய் இருக்கலாம் என்று கணக்கிட்டிருக்கிறார்கள். டாக்டர்கள் இதை டிமென்ஷியா என்பார்கள். இது பைத்தியம் அல்ல, செய்வினையும் அல்ல. மூளையில் உண்டாகும் நோய்.

வயதின் மறதி எது? நோயின் மறதி எது?

சாவியை எங்கே வைத்தோம் என்று மறப்பது வயதின் மறதி. சாவி எதற்கு என்பதே தெரியாமல் போனால் அது நோயின் அடையாளம். பேரனின் பெயர் உடனே வராமல் சற்று நேரம் கழித்து வந்தால் பயம் வேண்டாம். கேட்ட கேள்வியையே கால்மணி நேரத்தில் ஐந்து தடவை கேட்டால் கவனிக்க வேண்டும்.

அவர் முன்பு எப்படி இருந்தார், இப்போது எப்படி இருக்கிறார் என்று ஒப்பிட்டுப் பாருங்கள். ஒரு வாரத்துக் கொழுந்து எடையை மனக்கணக்காகவே சொன்ன அம்மாள், இன்று கடையில் மீதிச் சில்லறை வாங்கத் தடுமாறுகிறாரா? அது பெரிய மாற்றம்.

சாஸ்திரி - சிறிமாவோ ஒப்பந்தம் 1964-ல் ஆனபின் இலங்கையிலிருந்து வந்து நம் பக்கத் தேயிலைத் தோட்டங்களில் குடியேறிய குடும்பங்கள் பல. அந்த வயதானவர்களில் சிலர் ஹட்டன் பக்கத்து லயத்தைப் பற்றி நேற்று நடந்ததைப் போலச் சொல்வார்கள். காலையில் சாப்பிட்டீர்களா என்று கேட்டால் தெரியாது. "பழசெல்லாம் நல்லா ஞாபகம் இருக்கே, நோய் ஏது?" என்று நினைக்காதீர்கள். இந்த நோயில் புது விஷயம்தான் முதலில் போகும், பழையது நெடுநாள் தங்கும்.

பரிசோதனை எதற்கு?

"தெரிஞ்சு என்ன ஆகப்போகுது?" என்று கேட்பவர்கள் உண்டு. எல்லா மறதியும் ஒரே மறதி அல்ல. தைராய்டு குறைவு, பி12 வைட்டமின் குறைவு, ரத்தசோகை, மனச்சோர்வு, தினசரிக் குடி, தூக்க மாத்திரை ஆகியவற்றாலும் மறதி வரும். மழைக்காலத்தில் சரிவில் வழுக்கி விழுந்து தலையில் அடிபட்டால், சில வாரங்கள் கழித்துகூட மண்டைக்குள் ரத்தம் தேங்கி மறதி உண்டாகலாம். இவற்றில் பலவற்றைச் சரிசெய்யலாம். காது கேளாமையும் கண்புரையும்கூட மறதி போலத் தோன்றும்.

அல்சைமர் போன்ற நோயாக இருந்தால் முழுதும் குணமாக்கும் மருந்து இன்று இல்லை. சிலருக்கு அறிகுறிகளைக் கொஞ்ச காலம் மட்டுப்படுத்தும் மாத்திரைகள் உண்டு. நோய் இன்னதென்று தெரிந்துவிட்டால் வீட்டில் சண்டை குறையும். அவருக்குத் தெளிவு இருக்கும்போதே நிலம், பணம் பற்றிய விருப்பத்தை அவர் வாயாலேயே கேட்டுக்கொள்ளலாம்.

டாக்டருக்குக் கண்ணும் காதும் நீங்கள்தான்

1901-ல் ஜெர்மனியின் பிராங்பர்ட் நகர ஆஸ்பத்திரிக்கு 51 வயதான ஓர் அம்மாளை அழைத்து வந்தார்கள். கணவர் மீது காரணமில்லாத சந்தேகம், பிறகு மறதி. இந்த மாற்றங்களை முதலில் கண்டு சொன்னவர் அந்தக் கணவர்தான். அம்மாளைப் பரிசோதித்த டாக்டர் அல்சைமர், 1906-ல் அவர் இறந்தபின் மூளையை ஆராய்ந்து நோயை விவரித்தார். அவர் பெயரே நோய்க்கும் பெயராயிற்று.

இன்றும் அப்படித்தான். டாக்டர் பார்ப்பது அரைமணி நேரம். நீங்கள் பார்ப்பது இரவும் பகலும். ஆகவே போவதற்கு முன் இரண்டு வாரம் ஒரு நோட்டில் கீழ்க்கண்டவற்றைக் குறித்து வையுங்கள். எழுதத் தெரியாவிட்டால் பள்ளிக்குப் போகும் பிள்ளையை எழுதச் சொல்லுங்கள்.

1. முதல் மாற்றம் எப்போது தெரிந்தது? பொங்கலுக்கு முன்பா, பின்பா என்று சொன்னாலும் போதும்.
2. மெதுவாக வந்ததா, திடீரென்று வந்ததா?
3. குளிப்பது, உடுத்துவது, சமைப்பது, கடைக்குப் போவது - எதில் உதவி தேவைப்படுகிறது?
4. வழி தவறினாரா? இரவில் எழுந்து வெளியே போகிறாரா?
5. கோபம், சந்தேகம், அழுகை, இல்லாதது கண்ணில் தெரிவது - ஏதாவது உண்டா?
6. கீழே விழுந்தாரா? தூக்கம், பசி எப்படி? குடி, புகையிலைப் பழக்கம் உண்டா?

கணவன் தனியாகவும் மனைவி தனியாகவும் குறித்து, பிறகு சேர்த்துப் பாருங்கள். மகன் கண்ணில் படாதது மருமகள் கண்ணில் படும்.

எப்படிச் சொல்லி அழைப்பது?

இதில் நானே தவறு செய்தவன். என் தாயாரை "கல்யாண வீட்டுக்குப் போறோம்" என்று பொய் சொல்லி ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனேன். போகும் வழியெல்லாம் அன்றைய தேதியையும் கிழமையையும் சொல்லிக்கொடுத்து மனப்பாடம் பண்ண வைத்தேன். டாக்டர் முன்னால் அம்மா திணறக் கூடாதே என்ற எண்ணம். கல்யாண வீடு இல்லை என்று தெரிந்ததும் அம்மா வாயைத் திறக்கவில்லை. அதன்பின் நாலு மாதம் என்னுடன் எங்கும் வர மறுத்துவிட்டார். ஊருக்கெல்லாம் சுகாதாரம் சொல்பவன் சொந்த வீட்டில் நாலு மாதத்தை வீணாக்கினேன்.

பொய் வேண்டாம். "உனக்கு மூளை குழம்பிப் போச்சு" என்ற சொல்லும் வேண்டாம். "அம்மா, கொஞ்ச நாளா ஞாபகம் குறையுதுன்னு நீங்களே சொல்றீங்க. ரத்தம், பிரஷர், கண், காது எல்லாம் ஒரு தடவை காட்டிட்டு வந்திடலாம். நாங்களும் காட்டிக்கிறோம்" என்று சொல்லுங்கள். அவர் யார் பேச்சைக் கேட்பாரோ, மகளோ தம்பியோ, அவரை விட்டுச் சொல்லச் சொல்லுங்கள். இன்று மறுத்தால் சண்டை போடாமல் இரண்டு நாள் கழித்து மறுபடி பேசுங்கள்.

எங்கே போவது?

முதலில் பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையம் அல்லது கூடலூர் அரசு ஆஸ்பத்திரி. மாவட்ட மனநலத் திட்ட டாக்டரை எந்த நாளில், எங்கே பார்க்கலாம் என்று கிராம சுகாதார நர்சம்மாவிடம் கேளுங்கள். ஸ்கேன் போன்றவை தேவைப்பட்டால் ஊட்டி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு எழுதித் தருவார்கள்.

புறப்படும் நாளில்

பழைய சீட்டுகள், ஆதார், காப்பீட்டு அட்டை ஆகியவற்றை எடுத்துக்கொள்ளுங்கள். சாப்பிடும் மாத்திரைகளை, நாட்டு மருந்து உட்பட, ஒரு பையில் போட்டு அப்படியே கொண்டு போங்கள். கண்ணாடி, காது மிஷின் இருந்தால் மறக்க வேண்டாம்.

ஊட்டிக்கு மலைப்பாதையில் ஏறக்குறைய 50 கிலோமீட்டர். பஸ்ஸில் வாந்தி வருமென்று கடையில் மாத்திரை வாங்கிக் கொடுப்பது வழக்கம். இதைச் செய்யாதீர்கள். வாந்திக்கும் சளிக்கும் கொடுக்கும் சில மாத்திரைகள் முதியவர்களின் ஞாபகத்தை இன்னும் குழப்பிவிடும். முன் சீட்டில் உட்கார வைத்து, வயிறு நிறையாமல் இட்லியோ கஞ்சியோ கொடுத்தால் போதும். சர்க்கரைக்கு மருந்து எடுப்பவரைப் பட்டினி போடாதீர்கள்.

பரிசோதனை அறையில்

இன்று என்ன கிழமை, இது எந்த ஊர் என்று கேட்பார்கள். மூன்று சொற்களைச் சொல்லி, சற்று நேரம் கழித்துத் திருப்பிச் சொல்லச் சொல்வார்கள். பொருளைக் காட்டிப் பெயர் கேட்பார்கள். கடிகாரம் வரையச் சொல்லலாம். வலி ஒன்றும் இல்லை.

நீங்கள் செய்யக் கூடாதது: எடுத்துக் கொடுப்பது, ஜாடை காட்டுவது, தப்பாகச் சொன்னால் சிரிப்பது, அதட்டுவது. அவர் தப்பாகச் சொல்வதும் டாக்டருக்கு வேண்டிய விவரம்தான்.

நீங்கள் செய்ய வேண்டியது: அவர் பள்ளிக்குப் போனாரா, எத்தனை வகுப்பு என்று முதலிலேயே சொல்லுங்கள். பென்சிலே பிடிக்காதவர் கடிகாரம் வரையாததை மறதி என்று எண்ணிவிடக் கூடாது. மொழியும் முக்கியம். நம் வட்டாரத்தில் வீட்டில் பணிய மொழி, குறும்ப மொழி, மலையாளம், கன்னடம் பேசுவோர் அநேகம். வீட்டு மொழியில் கேள்வியை எடுத்துச் சொல்ல ஒருவர் கூட இருக்கட்டும். கேள்வியை மட்டும் சொல்லட்டும், பதிலைச் சொல்ல வேண்டாம்.

சந்தேகம், அடிதடி போன்ற விஷயங்களை அவர் எதிரில் சொல்ல வேண்டாம். டாக்டரிடம் தனியாக ஐந்து நிமிஷம் கேட்டு வாங்குங்கள்.

காத்திருக்கக் கூடாத நேரம்

ஓரிரு நாளில் திடீரென்று குழப்பம், காய்ச்சலோடு உளறல், வாய் கோணல், கை கால் இழுப்பு, தலையில் அடிபட்டபின் மயக்கம் - இவற்றில் எது வந்தாலும் நாள் பார்க்காதீர்கள். உடனே 108-ஐ அழையுங்கள்.

இரவில் எழுந்து நடப்பவர் இருந்தால், பரிசோதனை வரை காத்திராமல் இன்றே கதவுக்கு மேல்பக்கத்தில் ஒரு தாழ்ப்பாள் போடுங்கள். வீட்டில் யாராவது பக்கத்திலேயே படுக்கட்டும். யானை நடமாடும் ஊர் நம் ஊர்.

கணவன்மார்களுக்கு ஒரு வார்த்தை

"மருமக என் காசைத் திருடிட்டா" என்று அம்மா சொன்னால், அதைச் சொல்ல வைப்பது பெரும்பாலும் நோய்தான். வைத்த இடம் மறந்து போகிறது, மனம் ஒரு காரணத்தைத் தேடுகிறது, பக்கத்தில் இருப்பவர் மேல் பழி விழுகிறது. அதிகம் பார்த்துக்கொள்பவருக்கே அதிகப் பழி. மனைவியிடம் விசாரணை நடத்தாதீர்கள். "காசைத் தேடிப் பார்க்கலாம் வாங்கம்மா" என்று அம்மாவோடு சேர்ந்து தேடுங்கள்.

ஆஸ்பத்திரிக்குப் போகும் நாளில் ஒரு நாள் கூலி போகும். அது எப்போதும் மனைவியின் கூலியாகவே இருக்க வேண்டுமா? முதல் தடவை இருவரும் போங்கள். பிறகு முறை வைத்துக்கொள்ளுங்கள்.

மனம் தளர்ந்தால் பேச 14416, முதியோர் உதவிக்கு 14567. இரண்டும் இலவசம், தமிழிலேயே பேசலாம்.

நினைவில் கொள்க: குறித்து வையுங்கள். உண்மை சொல்லி அழையுங்கள். பதில் எடுத்துக் கொடுக்காதீர்கள். பாரத்தைப் பங்கு போடுங்கள்.