ஒலியடக்கிக்கு முன்னே ஒரு வாய்

1970 சனவரி 11 அன்று அமெரிக்காவின் நியூ ஆர்லியன்சு நகரில் நான்காம் சூப்பர் பவுல் ஆட்டம் நடந்தது. அதன் தொலைக்காட்சி ஒளிபரப்பின் இடையே பாண்டியாக் நிறுவனத்தின் விளம்பரம் ஒன்று வந்தது. உணவு விடுதியின் முற்றத்தில் ஒரு ஜிடிஓ கார் மெல்ல ஊர்கிறது. ஓட்டுபவர் முகப்புப் பலகையின் அடியிலுள்ள குமிழை இழுக்கிறார். காரின் குரல் மாறுகிறது. விளம்பரத்தின் கதை அவ்வளவே. பொறியின் உறிஞ்சுவிசையால் இயங்கும் சவ்வுகள், சைலன்சர் என்று நாம் அழைக்கும் ஒலியடக்கிகளுக்குள் இருந்த தடுப்பிதழ்களைத் திறந்துவிடும்; புகை சுற்றுவழியை விட்டு எளிய வழியில் பாயும். தாய் நிறுவனமான ஜெனரல் மோட்டார்ஸின் மேலிடத்துக்கு இது பிடிக்கவில்லை. விளம்பரம் நின்றது, குமிழும் நின்றது. அந்த ஆண்டு உருவான 40,149 ஜிடிஓ கார்களில் 233 மட்டுமே அந்தக் குமிழோடு வெளிவந்தன.

தொழிற்சாலை கைவிட்ட அந்த வேலையை, ஜிடிஓ போன்ற பெரும்பொறி பூட்டிய பழைய மசில் கார்களை வைத்திருப்போர் இன்றும் தாமே செய்துகொள்கின்றனர். அவர்களுடைய வழி இன்னும் நேரடியானது. ஒலியடக்கியைச் சேருமுன்பே புகைக்குழாயை அறுத்து, ஒரு கிளைக்குழாயைப் பற்றவைத்து, அதன் வாய்க்கு ஒரு மூடி இடுகின்றனர். மூடியிருந்தால் புகை பழைய வழியே செல்லும். திறந்தால் இடையிலேயே வெளியேறும். கட்அவுட் என்று அங்கே வழங்கும் இதனை இக்கட்டுரையில் இடைவாய் எனலாம். பொருத்த விரும்புவோர் முதலில் கேட்பது வாயின் விட்டத்தைப் பற்றியே: இரண்டரை அங்குலமா, மூன்று அங்குலமா? குழாயின் எந்த இடத்தில் அந்த வாயைத் திறப்பது என்பது அதைவிடப் பெரிய கேள்வி என்பேன். திறன், ஓசை, நச்சு மூன்றையும் முடிவு செய்வது இடமே.

இடைவாய் புதியதன்று. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் காலால் மிதித்துத் திறக்கும் இடைவாய்கள் பல கார்களில் இருந்தன. அன்றைய பொறிகளின் வலு மிகக் குறைவு. மேட்டில் ஏறும்போது ஒலியடக்கியின் தடையை நீக்கினால் சற்றே உதவியது. குதிரைகள் மிரண்டன, ஊர்கள் தடை விதித்தன. பின்னர்த் தென் கலிபோர்னியாவின் மியூராக், எல் மிராஜ் போன்ற வறண்ட ஏரிப்படுகைகளில் வேகப்பந்தயம் நடத்திய இளைஞர்கள், மூடியிட்ட பக்கக் குழாய்களோடு நகரத் தெருக்களைக் கடந்து சென்று, ஏரியில் மூடிகளைக் கழற்றி ஓடினர். 1962இல் கிரைஸ்லர் நிறுவனமே தன் பந்தயப் பொறிகளுக்கு மூடியிட்ட இடைவாய்களோடு புகைக்குழாய் அமைத்துக் கொடுத்தது.

இனி, குழாய்க்குள் நடப்பதைக் காண்போம். எரிதல் முடிந்து வெளியேற்று வால்வு திறக்கும் கணத்தில், உருளைக்குள் இருக்கும் வளியின் அழுத்தம் வளிமண்டல அழுத்தத்தைப் போலச் சில மடங்கு. திறந்த சிறு இடுக்கின் வழியே அந்த வளி ஒலியின் வேகத்திலேயே பீறிடுகிறது. உருளையிலிருந்து வெளியேற வேண்டியதில் கணிசமான பங்கு, பிஸ்டன் மேலே எழத் தொடங்குமுன்பே இவ்வாறு தானாகப் போய்விடும். எஞ்சியதைப் பிஸ்டன் தள்ள வேண்டும். அப்போது குழாயில் எதிரழுத்தம் இருந்தால், அதை எதிர்த்துத் தள்ளும் உழைப்பு வண்டியின் திறனிலிருந்து கழிகிறது.

எவ்வளவு கழிகிறது என்பதை எளிதில் கணக்கிடலாம். 1970ஆம் ஆண்டு ஜிடிஓவின் அடிப்படைப் பொறி 400 கன அங்குலம், அதாவது ஏறத்தாழ 6.6 லிட்டர் கொள்ளளவு உடையது. நிமிடத்துக்கு 5,000 சுற்றில் 350 குதிரைத்திறன் என்று விற்கப்பட்டது. முழு விசையில் அந்தச் சுற்றில் ஒலியடக்கியாலும் பின்குழாயாலும் 20 கிலோபாஸ்கல் எதிரழுத்தம் எழுவதாகக் கொள்வோம். நான்கு வீச்சுப் பொறி இரு சுற்றுக்கு ஒருமுறை தன் கொள்ளளவை வெளியேற்றுவதால், நொடிக்கு 270 லிட்டர் அளவுக்குப் பிஸ்டன்கள் தள்ளுகின்றன. அழுத்தத்தை இதனால் பெருக்கினால் கிடைப்பது 5.5 கிலோவாட், ஏழு குதிரைத்திறனுக்குச் சற்று மேல். உருளையில் பழைய புகை குறைவாகத் தங்குவதால் புதுக்கலவை கூடுதலாக நுழையும். அந்த ஆதாயம் தனி. ஆயினும் இந்தக் கணக்கு 350இல் இரண்டு விழுக்காட்டை ஒட்டியே நிற்கிறது. சுற்றைப் பாதியாக்கினால் என்ன ஆகும்? எதிரழுத்தம் ஓட்டவேகத்தின் இருமடியைப் பின்பற்றுவதால் கால்பங்காகும். ஓட்டமும் பாதியாவதால் இழப்பு எட்டில் ஒரு பங்காகச் சுருங்கும். 2,500 சுற்றில் ஒரு குதிரைத்திறன்கூடத் தேறாது. சைகை விளக்கில் நின்றபடி இடைவாயைத் திறப்பவர் பெறுவது ஓசை மட்டுமே.

இங்கே ஒரு வேடிக்கை உண்டு. அக்காலத்து அமெரிக்க நிறுவனங்கள் அறிவித்த குதிரைத்திறன், பொறியை மேடையில் ஏற்றி, வண்டியின் சொந்த ஒலியடக்கிகளைப் பூட்டாமல் அளந்தது. 1972 மாதிரி ஆண்டு முதலே, வண்டியில் உள்ளபடி துணைக்கருவிகளோடும் ஒலியடக்கியோடும் அளக்கும் நிகரத் திறன் அங்கே பொதுவழக்கானது. விளம்பர எண்கள் ஒரே ஆண்டில் சரிந்தன. ஆகவே பழைய காரில் இடைவாயைத் திறப்பவர், விற்பனைத்தாளில் எழுதி வீதியில் வந்து சேராத திறனில் ஒரு சிறு பகுதியை மீட்கிறார் என்று சொல்வதில் தவறில்லை.

எதிரழுத்தம் மட்டுமே கணக்கு என்றால் வாயைப் பொறிக்கு எவ்வளவு அருகில் வைக்கிறோமோ அவ்வளவு நன்மை என்றாகிவிடும். அப்படி ஆகாததற்குக் காரணம் அலை. வால்வு திறந்ததும் கிளம்பும் அழுத்தத் துடிப்பு, வளியை முந்திக்கொண்டு குழாயில் ஓடுகிறது. 600 செல்சியசுக்கும் மேலான சூட்டில் ஒலியின் வேகம் நொடிக்கு 580 மீட்டர் அளவு. சாதாரணக் காற்றில் உள்ளதைவிட ஒன்றரை மடங்குக்கும் மேல். அந்தத் துடிப்பு திறந்த வாயை அடைந்ததும் வெளியே விரிந்து, அதன் எதிருருவான நெகிழ்ச்சி அலை ஒன்று வால்வை நோக்கித் திரும்புகிறது. வெளியேற்று வால்வு மூடப்போகும், உள்ளேற்று வால்வு திறக்கத் தொடங்கும் அந்தக் குறுகிய இடைவேளையில் இந்த அலை வந்து சேர்ந்தால், கடைசிப் புகையை இழுத்து வெளியேற்றிப் புதுக்கலவைக்கும் வழி திறக்கும். முன்பே வந்தாலோ பிந்தி வந்தாலோ அந்த உதவி இல்லை. 5,000 சுற்றில் கிராங்க் தண்டு நொடியின் ஆயிரத்தில் ஒரு பங்கில் 30 பாகை திரும்புகிறது. வால்விலிருந்து ஒன்றரை மீட்டரில் வாய் இருந்தால் அலை போய்வரும் நேரத்தில் தண்டு 155 பாகை திரும்பியிருக்கும், 2.4 மீட்டரில் இருந்தால் 250 பாகை. தேவையான இடைவேளை பெரும்பாலும் இந்த இரண்டாம் எண்ணை ஒட்டியே வருகிறது. உண்மையில் உருளைகளிலிருந்து வரும் குழாய்கள் ஒன்றுசேரும் இடத்திலேயே ஒரு பகுதி அலை திரும்பிவிடும். குழாய் நீள நீளச் சூடு குறைந்து வேகமும் குறையும். எனவே இந்த எண்கள் திசையை மட்டும் காட்டுகின்றன. சேருமிடத்தை ஒட்டியே வாயை அறுத்தால், நடுத்தரச் சுற்றுகளில் இழுவிசை குறைந்ததாகச் சிலர் சொல்வதற்குக் காரணத்தை இதில் தேடலாம். பொறிக்கு எதிரழுத்தம் வேண்டும் என்ற பேச்சு பணிமனைகளில் இன்னும் உலவுகிறது. எந்தப் பொறிக்கும் அது வேண்டாம். தக்க காலத்தில் வரும் அலைதான் வேண்டும்.

ஓசைக்கு வருவோம். மசில் காரின் அடித்தொண்டைக் குரல் அதன் கிராங்க் தண்டின் வடிவிலிருந்து பிறப்பது. பாண்டியாக்கின் வி-8 பொறியில் உருளைகள் 1-8-4-3-6-5-7-2 என்ற முறையில் 90 பாகைக்கு ஒன்றாக எரிகின்றன. மொத்தமாகப் பார்த்தால் சீரான தாளம். ஆனால் ஒற்றை எண்கள் ஒரு பக்கத்திலும் இரட்டை எண்கள் மறுபக்கத்திலும் இருப்பதால், ஒவ்வொரு பக்கக் குழாயிலும் துடிப்புகள் சீராக வருவதில்லை. இடப்பக்கத்தில் 270, 180, 90, 180 பாகை இடைவெளிகளில் வருகின்றன. வலப்பக்கத்திலும் அதே இடைவெளிகளே. இரு துடிப்புகள் நெருங்கி, பின் ஒன்று தயங்கி, மீண்டும் நெருங்கும். இந்த ஒழுங்கற்ற கோவை இரு சுற்றுக்கு ஒருமுறை மீள்கிறது. 3,000 சுற்றில் நொடிக்கு 25 தடவை. பொறியின் முழுத் துடிப்பு அப்போது நொடிக்கு 200 ஆக இருக்க, அதனடியில் ஓடும் இந்தத் தாழ்ந்த அலையே நெஞ்சில் உணரப்படுவது.

இரு பக்கக் குழாய்களையும் இணைக்கும் குறுக்குக் குழாய் உள்ள வண்டிகளில், துடிப்புகள் ஒன்றோடொன்று கலந்து இந்தச் சீரின்மை ஓரளவு மழுங்குகிறது. இடைவாயை அந்த இணைப்புக்கு முன்னே வைத்தால் குரல் கரடுமுரடாகப் பிளந்து ஒலிக்கும். பின்னே வைத்தால் சற்றே உருண்டு வரும். பின்னே வைப்பதையே நான் தேர்வேன். இணைப்பு தரும் பயன் கைவிட்டுப் போகாது, காதுக்கும் அது மேல். அமெரிக்காவின் தொழில்சார் பாதுகாப்பு ஆய்வு நிறுவனம் 100 டெசிபெல் ஓசையை நாளுக்கு 15 நிமிடத்துக்கு மேல் கேட்க வேண்டாம் என்கிறது. திறந்த இடைவாய் ஓட்டுபவரின் இருக்கைக்கு அடியிலேயே முழங்குவது என்பதை நினைவில் கொள்ள வேண்டும்.

ஒலியடக்கி செய்வதும் அலைக் கணிதமே. அதன் அறைகளில் அலைகள் முட்டித் திரும்பி ஒன்றையொன்று தணிக்கின்றன. இழைப்பஞ்சு பொதிந்த வகையில் ஒலி உராய்ந்து வெப்பமாகிறது. இடைவாய் இவை எதையும் மாற்றுவதில்லை, கடந்துபோகிறது.

பொருத்தும் வேலையில் முதலில் வண்டியைத் தூக்கி நிறுத்தி, தாங்குகால்கள் இட்டு, அடியில் படுத்துப் பார்க்க வேண்டும். ஜிடிஓ போன்ற வண்டிகளில் தனிச் சட்டத்தின் மேல் உடற்கூடு அமர்ந்திருக்கும். சட்டத்தின் ஓரமாகப் பெட்ரோல் குழாயும் பிரேக் குழாயும் செல்லும். கியர்ப்பெட்டி தானியங்கியாக இருந்தால் அதன் எண்ணெயைக் குளிர்விக்கும் குழாய்கள் வேறு. திறந்த வாயிலிருந்து வரும் புகை இவற்றில் எதன்மேலும், டயரின்மேலும், கைப்பிரேக் கம்பியின்மேலும் படக்கூடாது. வாய் கீழ்நோக்கியும் வெளிப்புறம் சாய்ந்தும் இருப்பது நலம். ஆனால் அது சட்டத்தின் மட்டத்துக்குக் கீழே தொங்கினால் முதல் வேகத்தடையிலேயே நசுங்கிவிடும். கிளைக்குழாய் முதன்மைக் குழாயிலிருந்து குறுங்கோணத்தில், ஓட்டத்தின் திசையிலேயே பிரிய வேண்டும். செங்கோணத்தில் பிரித்தால், விரைந்து வரும் வளி எளிதில் திரும்பாது. வாய் எவ்வளவு அகலமாயினும் அதில் பாதி வீண்.

பற்றவைக்குமுன் மின்கலத்தின் இணைப்பைக் கழற்றுவதும் பெட்ரோல் குழாயை ஈரக்கம்பளத்தாலோ தகட்டாலோ மறைப்பதும் எல்லோரும் அறிந்தவை. துத்தநாகம் பூசிய குழாயை இந்த வேலைக்கு வாங்கவே கூடாது. பற்றவைக்கும்போது எழும் அதன் புகை காய்ச்சலைத் தரும். அலுமினியம் பூசிய எஃகோ துருவேறா எஃகோ ஏற்றது.

மூடியில் இருவகை உண்டு. ஒன்று, கேஸ்கட் வைத்து மூன்று போல்ட்டுகளால் இறுக்கும் வெறும் தகடு. மற்றொன்று, மின்னோடியால் திரும்பும் பட்டாம்பூச்சித் தகடு. இருக்கையில் அமர்ந்தபடியே ஆளியை அழுத்தித் திறக்கலாம். இரண்டாவதன் வசதி வெளிப்படை. ஆனால் அந்தத் தகடு சிவக்கும் சூட்டிலும் மழைநீரிலும் மாறிமாறிக் கிடந்து, விளிம்பில் கரி படிந்து, நாளடைவில் முழுதாக மூடாமல் போகும். அரை நூற்றாண்டு பழைய மின்கம்பிகளிலிருந்து அதற்கு மின்சாரம் எடுப்பதும் தவறு; மின்கலத்திலிருந்து நேராக, ஃபியூஸ் வழியே தனிக்கம்பி இழுக்க வேண்டும். மின்னோடி குழாயின் மேற்புறமோ பக்கவாட்டிலோ இருக்கட்டும். நான் வெறும் தகட்டின் பக்கம். அதைத் திறக்க வண்டியடியில் ஊர்ந்து செல்ல வேண்டியிருப்பதால் பந்தயத் தடத்தில் மட்டுமே திறக்கத் தோன்றும்.

மூடிய நிலையில் கசிவு இல்லாதிருப்பதே இவ்வேலையின் பாதி. பின்குழாய் வழியே ஊதுகருவியால் காற்றைச் செலுத்தி, இணைப்புகளில் சோப்புநீர் தடவினால் குமிழிகள் காட்டிக்கொடுக்கும். பொறி குளிர்ந்திருக்கும்போதே இதைச் செய்ய வேண்டும். இந்தக் கவனத்துக்குக் காரணம் கார்பன் மோனாக்சைடு. கார்புரேட்டர் உள்ள பழைய பொறியின் புகையில், வெறுமனே ஓடும் நிலையில் அது சில விழுக்காடு வரை இருக்கக்கூடும். குருதியின் ஹீமோகுளோபினோடு ஆக்சிசனைவிட இருநூறு மடங்குக்கும் மேலான பிடிப்போடு இணைவது. நிறமும் மணமும் அற்றது. பின்குழாய் அதை வண்டிக்குப் பின்னே கொண்டுபோய் விடுகிறது; இடைவாயோ பயணியரின் காலடியில் விடுகிறது. பழைய காரின் தரைத்தகட்டில் துரு தின்ற ஓட்டைகளும், என்றோ விழுந்துபோன ரப்பர் அடைப்பான்களும், கியர்த்தண்டைச் சுற்றிக் கிழிந்த உறையும் இருப்பது வழக்கம். இடைவாயை வாங்குமுன் அந்தத் தரைக்குச் செலவிட வேண்டும்.

பழைய காரில் ஒரு சலுகையும் உண்டு. புகைக்குழாயில் ஆக்சிசன் உணரி கிடையாது. பிற்காலக் கார்களில் இடைவாய் வழியே துடிப்புகளின் இடையில் உள்ளே வரும் வெளிக்காற்றை அந்த உணரி கண்டு, கலவையில் பெட்ரோல் குறைவென்று தவறாகக் கணித்து, பொறிக்கு வேண்டாத பெட்ரோலை ஊற்றச் செய்யும். கார்புரேட்டருக்கு அப்படி ஒரு கண் இல்லை. ஆனால் காற்றோட்டம் கூடும்போது கலவை சற்று மெலியக்கூடும். தீப்பொறிப் பிளக்குகளின் நிறத்தைப் பார்த்து, தேவையானால் கார்புரேட்டரில் பெட்ரோல் வரும் துளையான ஜெட்டை ஓரளவு பெரிதாக்கலாம். விசையை விட்டதும் குழாயில் கேட்கும் வெடியோசை, உட்புகும் காற்றில் எரியாத பெட்ரோல் பற்றுவதால் வருவது.

அமெரிக்கக் கார்களில் புகையைத் தூய்மையாக்கும் வினையூக்கி மாற்றி பரவலாக வந்தது 1975 மாதிரி ஆண்டில். அதற்குப் பிந்திய கார்களில் மாற்றிக்கு முன்னே வாய் திறப்பது, கூட்டரசின் தூய காற்றுச் சட்டப்படி கருவியைச் சிதைத்த குற்றம். 1970 ஜிடிஓவில் மாற்றி இல்லை என்பதால் அந்தச் சட்டப்பிரிவு தொடாது. எனினும் கலிபோர்னியாவின் வாகனச் சட்டம் 27150ஆம் பிரிவில், சாலையில் ஓடும் வண்டியின் புகைக்குழாயில் இடைவாயோ புறவழியோ பொருத்தியிருக்கவே கூடாது என்கிறது. மூடியின் போல்ட்டுகளை எவ்வளவு இறுக்கி முடுக்கியிருந்தாலும் அங்கே விதி அதுதான்.