திமிங்கலச் சுறாவும் வேராவல் மீனவரும்

ஏலத்தோட்டங்களிடையே வளரும் வண்டன்மேட்டுச் சிறுவர் சிறுமியரே! கடலுக்குத் தொலைவில் வாழும் நீங்கள் சுறாவைப் பெரும்பாலும் கருவாடாகவே கண்டிருப்பீர்கள். அதன் எலும்புக்கூடு முழுவதும், நம் காது மடலில் உள்ளதைப் போன்ற குருத்தெலும்பே. நமக்குப் பல் இருமுறை முளைக்கும். சுறாவுக்கோ வாழ்நாளெல்லாம் முளைத்தவண்ணம் இருக்கும்.

மீன்களுள் மிகப் பெரியது திமிங்கலச் சுறா. 40 அடிக்கு மேலும் வளரும் அது உண்பதோ நீரில் மிதக்கும் நுண்ணுயிர்களையும் சிறு மீன்களையுமே. குஜராத்தின் வேராவல் கரையில், மரப்படகுகளுக்குப் பூசும் ஈரல் எண்ணெய்க்காகவும் இறைச்சிக்காகவும் அதனை நூற்றுக்கணக்கில் கொன்றனர். 2001ஆம் ஆண்டில் இந்திய அரசு அவ்வேட்டையைச் சட்டத்தால் தடுத்தது. இன்று அதே கரை மீனவர், அது வலையில் சிக்கினால் வலையை அறுத்து விடுவிக்கின்றனர். வலைதானே அவர்களுக்குச் சோறு! ஆதலின் அறுந்த வலைக்கு வனத்துறை ஈட்டுத்தொகை வழங்குகிறது.